குறிப்புக் கட்டத்தில் நான் எழுதிய சொல்

போன மாதம் உங்கள் எச்.ஆர். பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டீர்கள். நான் பாதியில் எழுந்து போய்விட்டேன். வயசான ஆள், சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நினைத்து உங்களில் ஒருவர் வாசல்வரை ஓடிவந்து பிஸ்கட் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை எதுவும் இறங்கவில்லை. பிஸ்கட்டுக்கு நன்றி.

காரணம் வேறு. தேநீர் இடைவேளையில் நாலைந்து பேர் ஒரு விண்ணப்பத்தைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள். ஐ.டி.ஐ. முடித்த யாரோ ஒருவருடையது. நாலு ஓரமும் ரோஜாப்பூ பார்டர். கறுப்புக் கண்ணாடி போட்ட புகைப்படம். பின்னால் ஏதோ வெளிநாட்டுப் பாலம், ஸ்டுடியோவில் ஒட்டியது. "செம கிரிஞ்ச் சார் இது" என்று ஒருவர் என்னிடம் நீட்டினார். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

நான் சிரித்ததால்தான் எழுந்து போனேன். உங்கள்மேல் கோபம் என்று நினைத்திருந்தால் அது பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். மேடையில் நின்று சொல்ல எனக்கு வாய் வராது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் முப்பத்திரண்டு வருடம் ஆள் எடுக்கும் வேலை பார்த்தேன். விடுப்பு விதி, சம்பளச் சட்டம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல முடியும்.

நான் பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவன். வேலையில் இருந்தவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. எந்த ஊர் என்று கேட்டால் பொன்னேரி என்பேன். பொன்னேரி என்றால் டவுன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பேங்க், கோர்ட், வேலைக்கான நேர்காணல் என்று யாராவது பெரிய இடத்துக்குப் போனால், தன் வீட்டுத் துணியில் மட்டும் போகமாட்டார்கள். முதல் நாளே தெருவுக்கே தெரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இருப்பதில் நல்லதாக ஒன்று வரும். ஒரு வீட்டுச் சட்டை, இன்னொரு வீட்டு வாட்ச், எதிர் வீட்டு மோதிரம். எதையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால், "எங்க ஊட்டு பொருளு உனுக்கு ஆவாதா?" என்று அந்த வீட்டார் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தெருவே சேர்ந்து அனுப்புகிறது, அவ்வளவுதான்.

என் முதல் நேர்காணலுக்கு நானும் அப்படித்தான் போனேன். மாம்பழ மஞ்சளில் பளபளக்கும் சட்டை. இரண்டு அளவு பெரிய பேன்ட். தங்க முலாம் பூசிய வாட்ச், அது ஓடாது. இரண்டு மோதிரம். கழுத்தில் கவரிங் சங்கிலி. செருப்பு மட்டும்தான் என்னுடையது.

எதிரில் உட்கார்ந்திருந்தவர் அந்தத் தொழிற்பேட்டை ஆலை ஒன்றில் ஆள் எடுக்கும் பர்சனல் மேனேஜர். பெயர் வேண்டாம். சென்னையிலிருந்து தினமும் காரில் வருவார். பேச்சில் இரக்கம் என்பதே கிடையாது. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"காடி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. முழித்தேன்.

"இங்கிலீஷ் வார்த்தைய்யா. கண்ணை உறுத்துற மாதிரி பகட்டா இருக்குன்னு அர்த்தம். இனிமே வெள்ளைச் சட்டை போட்டுட்டு வா."

நான் எழுந்துவிட்டேன்.

"எங்க போற? உக்காரு. சட்டைக்கா வேலை குடுக்கப் போறேன்?"

அரை மணி நேரம் கேள்வி கேட்டார். வேலை கொடுத்தார். அவரிடம்தான் இந்தத் தொழிலைக் கற்றேன்.

அந்தச் சொல்லை அவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். என் காகிதத்தில் எழுதவில்லை. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய எத்தனையோ வருடம் ஆனது. அன்று எனக்குப் புரிந்ததெல்லாம் சட்டை கேவலம், அந்தச் சொல் பெரிசு என்பதுதான்.

அடுத்த வாரமே ஒரு பாக்கெட் டைரி வாங்கினேன். அந்த மாதிரிச் சொற்களாகத் தேடித் தேடி எழுதினேன். காடி என்றால் நிறம் அதிகம். கேரிஷ் என்றால் அந்த நிறம் கண்ணைக் குத்துகிறது. டாட்ரி என்றால் தூரத்தில் மினுங்கும், கிட்டப் போனால் மலிவு தெரியும். ஃப்ளாஷி என்றால் என்னைப் பார் என்னைப் பார் என்கிறது. லௌட் என்றால் துணிகூடச் சத்தம் போடுகிறது. டேக்கி என்றால் போட்டுக்கொண்டவருக்கு விவரம் போதாது. கிட்ச் என்று ஒன்று உண்டு, மலிவான அலங்காரத்துக்குப் பெயர், அதை மேல்மட்ட ஆட்கள்தான் சொல்வார்கள். அதைச் சபையில் சொல்லும் தைரியம் எனக்கு வர எட்டு வருடம் ஆனது.

எத்தனை சொல் பாருங்கள். இல்லாதவர்கள் கொஞ்சம் அழகு பண்ணிக்கொண்டால் அதைத் திட்ட இவ்வளவு வேண்டியிருக்கிறது. இருப்பவர்கள் அதையே செய்தால் 'கிராண்ட்' என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். இதெல்லாம் இப்போது பேசுகிறேன். அன்று எனக்கு அந்தச் சொற்கள் ருசியாக இருந்தன. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அந்த மஞ்சள் சட்டையிலிருந்து ஒரு அடி தள்ளி வந்தது போல இருந்தது.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், நான் எப்படிப்பட்ட ஆளாகியிருந்தேன் என்பது தெரியட்டும். வருடா வருடம் ஆயுத பூஜைக்குத் தொழிலாளிகளுக்கு ஒரு பரிசு கொடுப்போம். ஒரு வருடம் அவர்களே ஒரு மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார்கள். சாப்பாடு சூடாக இருக்கும் ஹாட் பாக்ஸ். மூடியில் பெரிய சிவப்பு ரோஜா, சுற்றிலும் தங்க வளையம். "டேக்கி" என்று சொல்லி ஒதுக்கிவிட்டேன். அதே செலவில் சாம்பல் நிறத்தில் ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தேன். மூலையில் சின்னதாகக் கம்பெனி முத்திரை. எனக்கு அது அவ்வளவு கௌரவமாகப் பட்டது. அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் நானும் ஏறியிருந்தேன். பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னா சார், கருமாதிக்கு வந்தவங்களுக்குக் குடுக்குற பையாட்டம் கீது?" பஸ்ஸே சிரித்தது. கவரைப்பேட்டையில் இறங்கினவர்களில் பாதிப் பேர் பையை சீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். மறுவாரம் மெஷின் ஆயில் துடைக்க அந்தப் பைதான் எல்லா இடத்திலும் கிடந்தது. நான் திருந்தவில்லை. ரசனை இல்லாத ஜனம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி சொல்லப்போவதுதான் விஷயம்.

அப்போது நான் இருந்தது கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஆலை. நூற்றுக்கணக்கான பெண்கள் காண்ட்ராக்டில் வேலை செய்தார்கள். ஒரு வருடம் மேலிடத்திலிருந்து அனுமதி வந்தது. காண்ட்ராக்டில் இருப்பவர்களில் ஆறு பேரை நிரந்தரமாக்கி, உற்பத்தி வரிசையை மேற்பார்க்கும் லைன் லீடர் ஆக்கலாம். ஆறு இடத்துக்கு இருபத்திரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துக் கணக்குத் தேர்வு வைத்தோம். ஐம்பது மதிப்பெண். அதன்பின் நேர்காணல். நேர்காணலில் மதிப்பெண் கிடையாது. படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கும். அதில் நான் எழுதுவதை வைத்து ஆலைத் தலைவர் கையெழுத்துப் போடுவார்.

கணக்கில் முதலில் வந்தவள் தேசம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அது இல்லை. ஐம்பதுக்கு நாற்பத்தாறு. முப்பத்து மூன்று வயது. ஏழு வருடமாகக் காண்ட்ராக்ட். அவளும் ஏரிக்கரைக் குப்பத்துக்காரிதான், என் ஊருக்கு இரண்டு குப்பம் தள்ளி. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் ஏரியில் வலை போடுகிறவர். ஏரியில் பிடிப்பு குறைந்துபோன காலம். ஒரே மகள், எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

நேர்காணல் அன்று காலை ஒன்பதுக்குத் தொடங்கினோம். ஆலைத் தலைவர் வடக்கேயிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. மாலையில் அவருக்கு விமானம். ஆளுக்குப் பத்து நிமிடம். அவர் ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்டு அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

தேசம்மா பதினோராவதாக வந்தாள். லைனில் எல்லாரும் நீலக் கோட்டுதான் போடுவார்கள், அவளை நான் வேறு துணியில் பார்த்ததே இல்லை. ஊதாப் புடவை, உடம்பெல்லாம் ஜிகினா. கிளிப்பச்சை ரவிக்கை. கழுத்தில் மூன்று கவரிங் சங்கிலி, ஒன்றில் கோழிமுட்டை அளவுக்குச் சிவப்புக் கல். இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதிவரை வளையல். தங்க நிறத்தில் கைப்பை. நடக்கத் தெரியாத குதிகால் செருப்பு. கதவிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் இரண்டு முறை தடுமாறினாள்.

பார்த்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. புடவை ஒரு வீடு. ரவிக்கை இன்னொரு வீடு. சங்கிலி மூன்றும் மூன்று வீடு. செருப்பு ஒரு வீடு. கைப்பை ஒரு வீடு. அவள் உட்காருவதற்குள் நான் ஏழு வீடு எண்ணிவிட்டேன். உலகத்தில் வேறு எந்த எச்.ஆர். ஆளுக்கும் அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

ஆலைத் தலைவர் புருவத்தைக் கொஞ்சம் தூக்கி என்னைப் பார்த்தார். நான் அவர் பார்வையைத் தாங்க முடியாமல் காகிதத்தைப் பார்த்தேன்.

கேள்வி கேட்டோம். எப்போதும் கேட்கும் கேள்விதான். ஒயர் கட்டில் ஒரு தப்பு இருக்கிறது, சூப்பர்வைசர் பரவாயில்லை அனுப்பு என்கிறார், என்ன செய்வாய்?

"அவரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா அனுப்புவேன் சார். வாயால சொன்னா அனுப்ப மாட்டேன்."

"அவர் கோவிச்சுக்கிட்டா?"

"கோச்சிக்கட்டும் சார். ரோட்டுல காரு நின்னுட்சின்னா அவரா போய் தள்ளுவாரு?"

ஆலைத் தலைவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். அன்று முழுக்க அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

நிரந்தரம் எதற்கு வேண்டும் என்று கேட்டேன்.

"பொண்ணு நல்லா படிக்கிது சார். மாசா மாசம் காண்ட்ராக்ட்டு இருக்குமா இருக்காதான்னு பயந்துகினு படிக்க வைக்க முடியாது."

அவள் எழுந்து, தடுமாறி, கதவை மூடிக்கொண்டு போனாள். செருப்புச் சத்தம் வராந்தாவில் கொஞ்ச நேரம் கேட்டது. ஆலைத் தலைவர் சாய்ந்து உட்கார்ந்து, "கொஞ்சம் ஓவர், இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். துணியைத்தான் சொன்னார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். நானும் சும்மா இருந்திருக்கலாம்.

"கேரிஷ், சார்" என்றேன். போதாது என்று, "ரேதர் டாட்ரி" என்றும் சேர்த்தேன்.

"குட் வேர்ட்" என்றார்.

அந்த 'குட் வேர்ட்' எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? இப்போது எழுதும்போது வாய் கசக்கிறது.

அவர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். "ஆனால் இவள்தானே முதலில் இருக்கிறாள்? பதிலும் நன்றாகச் சொன்னாளே?"

கேளுங்கள், அவர் அவளை எடுக்கத் தயாராக இருந்தார். நான் தலையாட்டியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன்? லைன் லீடர் என்றால் வாடிக்கையாளர்கள் வந்து பார்க்கும்போது முன்னால் நிற்க வேண்டும், தோற்றமும் முக்கியம், சார் என்றேன்.

"சரி, உங்கள் ஊர் ஜனங்கள். உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

உங்கள் ஊர் ஜனங்கள். அவர் தமிழ்நாட்டைச் சொன்னார். எனக்கோ, என் குப்பம், என் தெரு, நான் நின்ற கோலம் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது போல உடம்பு கூசியது. அவளுக்குப் பரிந்து ஒரு வார்த்தை சொன்னால், நீயும் அந்தக் கூட்டமா என்று கேட்டுவிடுவார் என்று பயந்தேன். பேனாவை எடுத்துக் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: ஃப்ளாஷி, லௌட். லைன் லீடருக்குப் பொருந்தாது. அவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டோம்.

இரண்டு நாள் கழித்துப் பலகையில் ஆறு பெயர் ஒட்டினோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேசம்மா என் ஜன்னலுக்கு வந்தாள். நீலக் கோட்டு, தலையில் வலைத் தொப்பி.

"சார், எம் பேரு இல்லியே."

"மார்க் பத்தலம்மா."

"எதுல சார்?"

உண்மையைச் சொல்லத் துணிச்சல் இல்லை. மழுப்பி அனுப்பும் புத்தியாவது இருந்திருக்கலாம். அதுவும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கணக்குல."

"கணக்குலயா?" அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாதான சார் போட்டேன்?"

"நல்லாப் போட்டோம்னு எல்லாருக்கும்தான் தோணும்."

என்னோடு சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன், பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் போடவில்லை. "செரி சார். எனுக்கு அவ்ளோதான் போல" என்று சொல்லிவிட்டு லைனுக்குப் போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு சூப்பர்வைசர் வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். "சார், விஷயம் தெரியுமா? நம்ம தேசம்மா டியூஷன் போவுது. மகளோட டீச்சராண்டயே, சின்னப் பசங்களோட தரையில உக்காந்துகினு வாய்ப்பாடு சொல்லுதாம்." நானும் சிரித்தேன். அவர் போனபின் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். பீரோவைத் திறந்தால் அவளுடைய விடைத்தாள் உள்ளே இருந்தது. கூப்பிட்டுக் காட்ட இரண்டு நிமிடம் போதும். காட்டினால் பின் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாள். பீரோவைப் பூட்டினேன்.

அடுத்த வருடம் புது இடம் வரவில்லை. அதற்கடுத்த வருடம் வந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்று புது விதியும் கூடவே வந்தது. அவளுக்கு இரண்டு மாதம் தாண்டியிருந்தது. படிவம்கூடக் கேட்கவில்லை. அப்புறம் அவள் இருந்த லைனையே வேறு ஆலைக்கு மாற்றினார்கள், அவளுடைய காண்ட்ராக்ட் முடிந்தது. அவள் போன நாள்கூட எனக்குத் தெரியாது. ஓய்வு பெறும்போது எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆள் பார்த்து எடுப்பதில் கெட்டிக்காரர் என்று பேசினார்கள். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

உங்கள் வகுப்பிலிருந்து எழுந்து போனேன் இல்லையா, அதற்கு மறுநாள் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் அங்கே மீன் விற்கிறாள் என்று எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். அந்த வரிசைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். அன்று நேராகப் போனேன். அவளே பார்த்துவிட்டாள்.

"எச்.ஆர். சார்தான? இன்னா சார், எளச்சிட்டீங்க? வவ்வா மீனு இருக்குது, எறா இருக்குது. எச்.ஆருக்கு இன்னா வெட்டணும்?"

பக்கத்துக் கூடைக்காரிகள் சிரித்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு நீ கணக்கில் தோற்கவில்லை, நான் பொய் சொன்னேன், வேறு ஒன்றை எழுதி உன்னை ஒதுக்கினேன் என்றேன். என்ன எழுதினேன் என்பதை மட்டும் முழுங்கிவிட்டேன்.

கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"கணக்குல தோக்கலியா?"

"நீதான் முதல்."

"டியூசன் போனேனே?"

"தெரியும்."

"தெரியுமா!" அதுவரை நீங்க என்று பேசியவள் அப்போதுதான் மாறினாள். "தெரிஞ்சிகினேவா நீ சும்மா இருந்த?"

அவள் என்னைத் திட்டவில்லை. கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்.

"எம் பொண்ணு பத்தாவதுல கணக்குல தொண்ணூத்தி ரெண்டு சார். பேங்கு வேலைக்குப் போவணும்னு ஒரே புடியா நின்னுச்சு. நான்தான் உடல. நம்ம ஊட்டுல யாருக்கும் கணக்கு வராதுடி, ஏதோ இது வரைக்கும் வந்துட்ச்சு, மேல போனா மாட்டிக்குவ, எனுக்கே பாரு ஆபீசுல மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ட்டாங்கன்னு சொல்லி, வேற குரூப்புல சேத்தேன். புடிக்காம படிச்சி, பாதியில நின்னு, இப்ப கும்மிடிப்பூண்டில காண்ட்ராக்டுல ஒயரு சுத்துது."

வேலை போனது மட்டும்தான் என் தப்பு என்று அத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய் எங்கே போய் நின்றது என்று அந்த இடத்தில்தான் தெரிந்தது.

"நீ வந்து எம் பொண்ணாண்ட சொல்லு. நான் சொன்னா ஆறுதலுக்கு சொல்றன்னு நெனைக்கும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஏரிக்கரையில் அதே மாதிரித் தெரு, அதே மாதிரி வீடுகள். மகள் மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பித் தயாராக நின்றிருந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"இவுரு தான்டி. உன்னாண்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள் தேசம்மா.

சொன்னேன். அந்தப் பெண் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள்.

"அம்மாவ வேணாம்னு இன்னா எழுதினீங்க சார்?"

"ஃப்ளாஷின்னு. லௌட்னு."

"அப்டின்னா?"

இத்தனை வருடம் ஆங்கிலத்தில் எழுதியபோது அது ஏதோ அளவுகோல் வைத்து அளந்து எழுதியது போல இருந்தது. தமிழில் அதைச் சொல்ல வேண்டுமென்றால் எதிரில் நிற்கும் ஆளைப் பார்த்துத் திட்டுவதுதான், வேறு வழியில்லை. பக்கத்திலேயே அவள் அம்மா நிற்கிறாள். உங்களுக்கு நான் சொல்ல விரும்பியது இவ்வளவுதான்: குறிப்புக் கட்டத்தில் எழுதும் எதையும் அந்த ஆளின் வாசலில் நின்று, அவர் பிள்ளை முன்னால், தமிழில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் எழுதாதீர்கள்.

"அன்னிக்கு உங்கம்மா ரொம்ப மினுக்கிக்கினு வந்திருந்தாங்கன்னு அர்த்தம்" என்றேன்.

தேசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருடம் அவளுக்குத் தெரியாமல் ஒரு காகிதத்தில் கிடந்த சொல்லை நானே கொண்டுவந்து அவள் வீட்டில் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்.

"தெருவே எடுத்துக் குடுத்துச்சி சார் அத்தெல்லாம்" என்றாள், மெதுவாக.

"தெரியும்மா" என்றேன்.

மகளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"கணக்குல எத்தினி சார்?"

"அம்பதுக்கு நாப்பத்தாறு. இருபத்திரண்டு பேர்ல உங்கம்மாதான் முதல்."

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "கணக்கு எடுக்குறேன்னு எத்தினி நாளு அழுதேன்மா நானு."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மகள் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி, ஓடாமல் நடந்தே போனாள். பஸ் அவளுக்காகக் காத்திருந்து, ஏற்றிக்கொண்டு, திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

"நீயும் கெளம்பு சார்" என்றாள் தேசம்மா.